கடைசிப் பக்கத்தில் ஒரு வரி

சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு முதல் பாஸ்போர்ட் வந்தது நாற்பத்தேழாவது வயதில். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், நேரே கொண்டுபோய் இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். மஞ்சள் குங்குமத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது வீடியோ அழைப்பில் இருந்த மகள் கத்தினாள்: "யம்மா, அதுல ஒண்ணும் தடவிராத! அப்புறம் உள்ள விட மாட்டாங்க!" அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பாஸ்போர்ட் பெட்டிக்குள் போனது.

மகள் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். தலைப்பிரசவம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று மலேசியா அறிவித்தது. அதன் பிறகுதான் அக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் எண்ணமே வந்தது. முன்பெல்லாம் எங்கள் பக்கத்துக்காரர்கள் பாஸ்போர்ட்டுக்குத் திருச்சிக்கு ஓட வேண்டும். 2007இல் மதுரையில் அலுவலகம் வந்தது. இப்போது விருதுநகரிலேயே தபால் நிலையத்தோடு சேர்ந்த பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப்போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார் அக்கா. இவ்வளவு எளிதாக ஒரு கதவு திறந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

2024 பங்குனியில் கிளம்பினோம். துணைக்கு நான். பையில் பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி, இரண்டு கிலோ சாத்தூர் சேவு. மாமா வெடி ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்ப்பவர். வீட்டில் இருக்கும் நல்ல பைகள் எல்லாமே அவர் சோறு கொண்டுபோன பைகள். அதில் ஒன்றையும் தொடக் கூடாது என்று புதுப் பை வாங்க வைத்தேன். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் சில நேரம் பையின் கைப்பிடியையும் உள்ளங்கையையும் ஒரு சிறு பட்டையால் துடைத்து எந்திரத்தில் வைப்பார்கள். வெடிமருந்தின் கண்ணுக்குத் தெரியாத துகளைக்கூடக் கண்டுபிடிப்பதற்கான எந்திரம் அது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் காற்றிலேயே கலந்திருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த முன்ஜாக்கிரதை அவசியம்.

பைக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றது அக்காதான்.

நம் மாநிலத்து விமான நிலையம் ஒன்றின் குடியேற்றச் சோதனைக் கவுண்டர். என் முறை முதலில் வந்தது. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று இரண்டு கேள்வி. டப் என்று முத்திரை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்து அக்கா. அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார், பிறகு கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினார். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" "மூணாங் கிளாஸ்." "வேலைக்கா போறீங்க?" "பேறுகாலத்துக்கு, சார்." எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். திரும்பி வரும் டிக்கெட், மகளின் விசா நகல், மருமகனின் வேலை விவரம், கையில் உள்ள பணம் என ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அதிகாரி ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. தன் வேலையைத்தான் செய்தார். கடைசியில் முத்திரை விழுந்தது.

விமானம் ஏறி வெகுநேரம் கழித்து அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஒன்கிட்ட மட்டும் எதுவரைக்கும் படிச்சேன்னு ஏன் கேக்கல?"

எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அது என்ன வரி?

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி எல்லாம் இருக்கும். சிலருடைய பாஸ்போர்ட்டில் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: குடியகல்வுச் சோதனை தேவை. எங்கள் ஊரில் எல்லோரும் அதை 'ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்' என்பார்கள். 2007க்கு முன்பு சோதனை தேவையில்லை என்றால்தான் முத்திரை குத்துவார்கள். அதன் பிறகு தலைகீழானது. எதுவும் எழுதப்படாவிட்டால் சோதனை இல்லை. இருந்தால், தடுத்துக் கேட்கலாம்.

இதற்கு வேர் 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம். வளைகுடாவுக்கு ஆட்கள் லட்சக்கணக்கில் போய், ஏஜென்ட்டுகளிடம் பணம் தொலைத்து, பேசிய சம்பளம் கிடைக்காமல் தவித்த காலத்தில் பிறந்த சட்டம். அதன்படி 18 நாடுகள் பட்டியலில் உள்ளன. சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான், லிபியா, சிரியா, ஏமன், சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான். இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர், 'குடியகல்வோர் பாதுகாவலர்' என்ற மத்திய அரசு அதிகாரியிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். நம் மாநிலத்துக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வேலை ஒப்பந்தம், முதலாளியின் விவரம், காப்பீடு எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். இப்போது எல்லாமே 'இ-மைக்ரேட்' இணைய வழியில் நடக்கிறது.

யாருக்கு இந்த வரி விழாது? வருமான வரி கட்டுபவர்களுக்கு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, 18 வயது நிரம்பாதவர்களுக்கு. இன்னும் சில வகையினர் உண்டு. ஆனால் நம் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. மதிப்பெண் சான்றிதழைக் காட்டினால் கடைசிப் பக்கம் சுத்தமாக வரும். இல்லாவிட்டால் வரி விழும்.

சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. ஆனால் சுற்றுலா என்று சொல்லி வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட்டுகள் நிறையப் பேர். அதனால் கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்படுகிறார். அக்கா உட்கார்ந்த நாற்காலி அந்தச் சந்தேகத்தின் நாற்காலி.

கட்டை அடுக்கிய கை

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் வட்டாரத்தில் ஐம்பதை நெருங்கும் பெண்களிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்பது என்ன கேள்வி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணில் அதற்குப் பிறகு ஆயிரமாயிரம் அடுப்புகள் எரிந்தது அந்தத் தொழிலால்தான். அதை மறந்துவிட்டு யாரும் எதுவும் பேசிவிட முடியாது. ஆனால் அந்த அடுப்பு எரிய, குழந்தைகளின் கைகளும் வேலை செய்தன. இதையும் மறக்க முடியாது.

அக்கா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். விடியும் முன்பே, நட்சத்திரம் இருக்கும்போதே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அம்மாக்கள் தூக்கி வண்டியில் ஏற்றுவார்கள். மருந்து முக்குவதற்காகத் தீக்குச்சிகளை மரச்சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வரிசையாக வைக்க வேண்டும். இதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். எத்தனை கட்டை அடுக்கினார்களோ அத்தனைக்குக் கூலி. அக்காவின் விரல்கள் அவ்வளவு வேகம் என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வார். இருட்டியதும் அதே வண்டி கொண்டுவந்து விடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது.

இது ரகசியமாக நடந்த ஒன்றில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் சிவகாசியும் இருந்தது. 1990இல் சலம் பென்னூர்க்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இந்தப் பிள்ளைகளின் முகத்தை அப்படம் வெளிநாட்டுத் திரைகள்வரை கொண்டுபோனது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் குழந்தைகளின் நலநிதிக்குப் போக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

அவரைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க வேண்டிய கடமை இந்த அரசுக்கும் சமூகத்துக்கும் இருந்தது. அதைச் செய்யவில்லை. முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே அரசு, அவர் படிக்கவில்லை என்பதை அவருடைய பாஸ்போர்ட்டில் அச்சடித்துக் கொடுக்கிறது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிள்ளானுக்குப் போகும் வழியில் இன்னொன்றும் நடந்தது. மலேசியக் கவுண்டரில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். அக்காவின் ரேகை எந்திரத்தில் ஏறவில்லை. துடைத்து வைத்தார், அழுத்தி வைத்தார், ஊதி வைத்தார். குச்சியும் பசையும் தேய்த்த விரல்கள். ரேஷன் கடையிலும் அவருக்கு இதே பாடுதான். நாலாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரிப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து மை காயும்வரை விரித்துப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

தட்டப்பாறை, மண்டபம்

கடல் தாண்டுகிறவர்களை நிறுத்திப் பார்ப்பது எங்கள் சீமைக்குப் புதிதில்லை. மதுரையிலிருந்து விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிப்போன கூட்டம் அந்த ரயிலில்தான் போனது. தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் தட்டப்பாறையில் ஒரு முகாம். காலராவும் அம்மையும் இல்லை என்று தெரியும்வரை அங்கே அடைத்துவைப்பார்கள். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்த பிறகு அந்த வேலையை மண்டபம் முகாம் எடுத்துக்கொண்டது. முகாம் இருந்தது இந்திய மண்ணில், நடத்தியது இலங்கை அரசு. வேறொரு நாட்டின் எல்லை நம் ஊருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

பாஸ்போர்ட் இல்லாத அந்தக் காலத்தில் கூலிகளுக்குத் தகரத்தில் ஒரு வில்லை கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. எந்தத் தோட்டம் என்பதற்கான எண் அதில் குத்தப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் போகும், கடைசியில் அது கூலியின் கடனாகிவிடும். ஆளின் பெயர் எதற்கு, எண் போதும் என்று வைத்திருந்த காலம். 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு குடியகல்வுச் சட்டம் கொண்டுவந்து உடலுழைப்பாளர்களை அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் அவர்களை அனுப்புவதையே நிறுத்தியது. காக்க வேண்டியவர், காக்கத் தேவையில்லாதவர் என்று பயணிகளை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் அன்றே வந்துவிட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதே மரத்தின் கிளை.

பிறகு இலங்கையே எல்லையை இறுக்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. யார் எந்தப் பக்கம் என்பதைக் காகிதம்தான் தீர்மானித்தது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் தனி. விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், செவலூர் போன்ற இடங்களில் இன்றும் முகாம்கள் உண்டு. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு எந்த நாட்டின் பாஸ்போர்ட்டும் கிடையாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022இல் நீதிமன்றம் சொல்லி, பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. அவருக்கு அது கிடைக்க முப்பத்தாறு வயது ஆகியிருந்தது.

இதையெல்லாம் பார்க்கும்போது அக்காவின் நாற்பது நிமிடம் சின்ன விஷயம்தான். ஆனால் அது ஒன்றும் தனியாக வானத்திலிருந்து விழவில்லை.

பெயரும் ஒரு சோதனை

2022 நவம்பரில் அமீரகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ உள்ளே வர முடியாது. உலகத்துக்கு இது சின்னச் செய்தி. எங்களுக்குப் பெரிய இடி. மாரீஸ்வரி, கருப்பசாமி, காளியம்மாள் என்று ஒரே பெயர். முன்னால் அப்பாவின் முதலெழுத்து. குடும்பப்பெயர் என்று கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது? பலர் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். சாதிப் பெயரைப் பெயரிலிருந்து உதறிய சமூகம் நம்முடையது. அந்த நல்ல காரியம் ஒரு விமான நிலையக் கணினிக்கு எப்படித் தெரியும்? பிறகு சில நாட்களில் விதியைத் தளர்த்தினார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்றார்கள்.

கடைசிப் பக்கம் இந்த முறை நம்மைக் காப்பாற்றியது. அப்பா பெயர் இருக்கும் அதே பக்கத்தில்தான் ஈ.சி.ஆர். வரியும் இருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு அந்தப் பக்கத்தையே எடுத்துவிடப் பார்த்தது. பதிலாக ஈ.சி.ஆர்.காரர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தருவதாக அறிவித்தது. நீல அட்டைகளுக்கு நடுவில் ஆரஞ்சு அட்டையோடு அக்கா வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். புரட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், பத்தடி தூரத்திலிருந்தே அவர் படிக்காதவர் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பு வலுத்ததும் அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நல்லவேளை.

காப்பது யாரை?

ஒரு பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முறையாக அனுமதி பெற்றுப் போகும் ஈ.சி.ஆர். தொழிலாளி, 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். ஒப்பந்தத்தில் சம்பளம் எழுதப்பட்டிருக்கும், முதலாளி யார் என்று அரசுக்குத் தெரியும். முப்பது வயது நிறையாத பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்ப அனுமதி கிடையாது. இதனால் தப்பித்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். சோதனையே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆனால் அளவுகோல் தவறு. பத்தாவது படித்துவிட்டால் ஏமாற மாட்டான் என்று நினைத்தது இன்று செல்லுமா? 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், மியான்மர் எல்லைக்குள் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களை நினைவிருக்கிறதா? அவர்கள் படித்தவர்கள். கடைசிப் பக்கம் சுத்தமாக இருந்தவர்கள். அவர்களை எந்தக் கவுண்டரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. அவர்களுக்காக ஒரு அதிகாரி நாற்பது நிமிடம் செலவழித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் பெண்ணைத் தடுக்கிறது, பொறியில் போய் விழும் பட்டதாரியை விட்டுவிடுகிறது இந்த வலை.

கேட்க வேண்டிய கேள்வி, "நீ எதுவரை படித்தாய்?" என்பது அல்ல. யார் உன்னை அனுப்புகிறார், அவரிடம் உரிமம் இருக்கிறதா, போகும் இடத்தில் உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இதைக் கேட்டால் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றாகக் காப்பாற்றப்படுவார்கள். ஏஜென்ட் உரிமம் உள்ளவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் மாநில அரசின் சொந்த நிறுவனமே சென்னையில் இருக்கிறது: அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இவை இரண்டும் சிவகாசி பஸ் ஸ்டாண்டு விளம்பரப் பலகையில் ஏறியிருக்க வேண்டும். அங்கே நான் பார்த்ததெல்லாம் 'உடனடி விசா' நோட்டீஸ்கள்தான்.

இன்னொரு கொடுமை, பத்தாவது தேறியவர்களுக்கும் இந்த வரி விழுந்திருப்பது. விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கும் கடைக்காரர் மதிப்பெண் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டிருப்பார், அல்லது கட்டத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார். அந்த வரியை நீக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி 1,500 ரூபாய் கட்ட வேண்டும். இதைப் படிப்பவர்கள் வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் இன்றே கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சான்றிதழ் இருந்தும் வரி விழுந்திருந்தால், பயணத்துக்கு முதல் நாள் அலையாமல் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளி முடிக்காதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதும் வழியும் உண்டு.

விருதுநகரில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டுத் துணிக்கடையில் நின்ற காமராஜர், 1966இல் சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போய் வந்தார். இந்த வரி அப்போது இல்லை. அவர் போட்ட மதிய உணவில்தான் இந்த மாவட்டத்தின் அடுத்த தலைமுறைகள் படித்தன. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலில் வந்த மாவட்டம் இது. அக்காவின் மகள் அந்தப் பட்டியலில் தேறியவள். அவளுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் இருக்கிறது, அந்த வரி இல்லை.

முத்திரை மறைகிறது

இதற்கிடையே முத்திரையே உலகத்திலிருந்து விடைபெறுகிறது. 2020 டிசம்பர் முதல் சிங்கப்பூர் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டில் மை தொடுவதில்லை, மின்னஞ்சலில் அனுமதி வருகிறது. ஐரோப்பிய நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரையை விட்டு முகத்துக்கும் ரேகைக்கும் மாறத் தொடங்கின. நம் நாட்டிலும் முன்பதிவு செய்த இந்தியர்களுக்கு எந்திரக் கதவு வழியாக விரைந்து போகும் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025இல் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டின் அட்டைக்குள் சிப் வந்துவிட்டது.

வசதிதான். ஆனால் ரேகை தேய்ந்த கைகளை எந்திரக் கதவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தும்போது, பக்கத்தில் ஒரு மனிதரும் இருக்க வேண்டும். கிள்ளானுக்குப் போன அன்று நாலாவது முறையும் பொறுமையாகச் சிரித்த அந்த மலேசியப் பெண்ணைப் போல.

அக்காவிடம் இப்போது நான்கு முத்திரைகள் இருக்கின்றன. போக இரண்டு, வர இரண்டு. பெண் குழந்தை பிறந்தது. திரும்பி வந்து இறங்கியபோது அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. முத்திரை குத்திக் கொடுத்து, "வாங்கம்மா" என்றார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஐம்பது வயது முடிந்தால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார். அக்காவின் மகன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் எந்திரம் ஓட்டுகிறான். ஆடிப்பெருக்கு வந்தால் அங்கே அடுத்த வருட காலண்டர் வேலை தொடங்கிவிடும். அவனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்: "எப்பா, 2027 காலண்டரு அடிச்சதும் மொத ஒண்ணு எனக்குத்தான். வைகாசியில ஒரு தேதிய வட்டம் போட்டு வைக்கணும்."